அமெரிக்காவில் மாநிலச் சட்டங்கள் ஹெல்த் இன்சூரன்ஸ் விஷயத்தில் நோயாளிக்கு உண்மையிலேயே உதவுகின்றனவா?

உதவுகின்றன. ஆனால் உங்களுக்கு உதவுமா என்பது, நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதைவிட உங்கள் மருத்துவச் செலவுக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பல வருடங்களாகச் சம்பளத்தில் பிரீமியம் பிடித்தம் போகிறவர்களில்கூட இதைத் தெரியாதவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர்.

இங்கே இன்சூரன்ஸை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் பெரும்பாலும் மாநிலங்களிடம் இருக்கிறது. 1945-இல் வந்த மெக்கேரன்-ஃபெர்குசன் சட்டம் அதை உறுதிசெய்தது. பிறகு 1974-இல் எரிசா என்ற கூட்டாட்சிச் சட்டம் வந்தது. நிறுவனங்கள் ஊழியர்களுக்குத் தரும் பென்ஷன், மருத்துவப் பிளான்களுக்கான சட்டம் அது. உங்கள் கம்பெனி ஒரு இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் பாலிசி வாங்கித் தந்திருந்தால், அந்தப் பாலிசிக்கு மாநில இன்சூரன்ஸ் சட்டங்கள் பொருந்தும். கம்பெனியே தன் பணத்திலிருந்து உங்கள் க்ளெய்ம்களைக் கொடுத்து, பேப்பர் வேலைக்கு மட்டும் இன்சூரன்ஸ் நிறுவனத்தை வைத்திருந்தால் அது செல்ஃப் ஃபண்டட் பிளான். அதற்கு எரிசாதான் பொருந்தும், மாநிலத்தின் இன்சூரன்ஸ் சட்டம் அதைத் தொட முடியாது. இரண்டிலும் அட்டையில் அதே பிரபல நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும், அதனால் பார்த்தவுடன் வித்தியாசம் தெரியாது. மருத்துவக் கொள்கைகளை ஆராயும் கே.எஃப்.எஃப் அமைப்பின் 2024 கணக்கெடுப்பின்படி, வேலை வழியாக இன்சூரன்ஸ் பெறும் ஊழியர்களில் 63 சதவீதம் பேர் செல்ஃப் ஃபண்டட் பிளானில் இருக்கிறார்கள். பெரிய கம்பெனிகளில் இந்த விகிதம் இன்னும் அதிகம். ஐ.டி.யில் இருக்கும் நம் ஆட்களில் பலர் இந்தப் பக்கம்தான்.

எனக்கு இது தெரியவந்தது என் கணவரின் முடக்குவாதத்தால். நாங்கள் டெக்சஸில் இருக்கிறோம். மருத்துவர் எழுதிய ஊசி மருந்தை பிளான் ஏற்கவில்லை. விலை குறைந்த மாத்திரைகளை முதலில் சாப்பிட்டு, அவை பலன் தரவில்லை என்று காட்டினால்தான் ஊசிக்கு ஒப்புதல் என்றார்கள். ஸ்டெப் தெரபி என்பது இதைத்தான். அந்த மாத்திரைகளில் ஒன்றை அவர் பழைய வேலையில் இருந்தபோதே சாப்பிட்டு, கல்லீரல் பரிசோதனையில் அளவுகள் ஏறியதால் மருத்துவரே நிறுத்தியிருந்தார். இப்படிப்பட்டவர்களுக்கு விலக்கு தர வேண்டும், அதையும் 72 மணி நேரத்துக்குள் முடிவுசெய்ய வேண்டும் என்று டெக்சஸில் 2017-இலேயே சட்டம் இருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் மாநில இன்சூரன்ஸ் துறைக்குப் புகார் எழுதினேன். இது செல்ஃப் ஃபண்டட் பிளான், எங்கள் வரம்புக்குள் வராது, மத்திய தொழிலாளர் துறையை அணுகுங்கள் என்று பதில் வந்தது. கடைசியில் அப்பீலில் மருந்து கிடைத்தது. ஆனால் இந்த நோயில் மூட்டு ஒருமுறை அரிக்கப்பட்டால் திரும்ப வளராது. காத்திருந்த காலத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மாநிலங்கள் இந்த எல்லையை முட்டிப் பார்க்காமல் இல்லை. இன்சூரன்ஸ் நிறுவனத்தின் முடிவை வெளி மருத்துவர் ஒருவர் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்ற இல்லினாய்ஸ் சட்டத்தை 2002-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது. தவறான மறுப்பால் நோயாளி பாதிக்கப்பட்டால் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்று டெக்சஸ் 1997-இல் கொண்டுவந்த சட்டத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. எரிசா இருப்பதால் வேலை வழியாக வரும் பிளான்களுக்கு அது செல்லாது என்று அதே நீதிமன்றம் 2004-இல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. என் பார்வையில் நோயாளி உரிமைக்கு விழுந்த மிகப் பெரிய அடி அதுதான். மறுப்பது தவறு என்று பிறகு தெரிந்தாலும், மறுக்கப்பட்ட சிகிச்சைக்கான பணத்தைக் கொடுத்தால் போதும் என்றால், அவசரப்பட்டு ஒப்புதல் தர யாருக்குத் தோன்றும்?

எப்படிப்பட்ட மாநிலச் சட்டம் நல்ல சட்டம் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அப்பீல் செய்யும் உரிமையைத் தருவது மட்டும் போதாது. தனிநபர்கள் இன்சூரன்ஸ் வாங்கும் அரசு இணையதளமான ஹெல்த்கேர் டாட் கவ் வழியாக வாங்கிய பிளான்களைப் பற்றிய கே.எஃப்.எஃப் ஆய்வுகளில், மறுக்கப்பட்ட க்ளெய்ம்களில் அப்பீலுக்குப் போனவை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர் ஃபேக்ஸ் அனுப்பிக்கொண்டிருக்க முடியுமா? சுமையை நோயாளியின் தோளிலிருந்து இறக்கி இன்சூரன்ஸ் நிறுவனத்தின் மேல் வைக்கும் சட்டங்கள்தான் வேலை செய்யும். டெக்சஸின் 2021 கோல்ட் கார்டு சட்டம் அந்த வகை. ஒரு சிகிச்சைக்கு ஒரு மருத்துவர் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் கேட்ட முன்அனுமதிகளில் 90 சதவீதம் ஏற்கப்பட்டிருந்தால், அந்தச் சிகிச்சைக்கு அவர் இனி அனுமதி கேட்கவே தேவையில்லை. இல்லினாய்ஸ் 2024-இல் நிறைவேற்றிய சட்டம் இன்னும் துணிச்சலானது. தன் வரம்புக்குள் வரும் பிளான்களில் ஸ்டெப் தெரபியை 2026 ஜனவரி முதல் தடைசெய்தது. மருத்துவத் தேவை இல்லை என்று ஒரு சிகிச்சையை மறுப்பதைக் கணினி நிரல் மட்டுமே முடிவுசெய்யக் கூடாது, உரிமம் பெற்ற மருத்துவ நிபுணர்தான் முடிவெடுக்க வேண்டும் என்ற கலிஃபோர்னியா சட்டம் 2025 முதல் நடப்பில் இருக்கிறது.

செல்ஃப் ஃபண்டட் பிளானில் இருப்பவர்களுக்கும் இதனால் மறைமுகப் பலன் உண்டு. பிளானுடன் ஒப்பந்தம் செய்துள்ள, அதாவது நெட்வொர்க்கில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போயும், மயக்க மருந்து கொடுத்தவர் நெட்வொர்க்கில் இல்லை என்று ஆயிரக்கணக்கான டாலருக்குத் தனி பில் வரும் கொடுமையை நியூயார்க் 2015-இலேயே தடுத்தது. வேறு மாநிலங்களும் தொடர்ந்தன. 2022 ஜனவரியில் நோ சர்ப்ரைசஸ் சட்டம் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தபோது, அது செல்ஃப் ஃபண்டட் பிளான்களையும் சேர்த்துக் கட்டுப்படுத்தியது. ஸ்டெப் தெரபிக்கும் இதே வழிதான் மிச்சம்: மாநிலங்கள் முதலில் செய்ய, பிறகு நாடு முழுக்கச் சட்டம். எரிசாவைத் திருத்தும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு மட்டுமே உண்டு.

உங்கள் நிலைக்கு வருகிறேன். முதலில் அட்டையைப் பாருங்கள். டெக்சஸ் என்றால், மாநிலத்தின் கட்டுப்பாட்டில் உள்ள பிளானின் அட்டையில் மாநில இன்சூரன்ஸ் துறையைக் குறிக்கும் டி.டி.ஐ. (TDI) அல்லது டி.ஓ.ஐ. (DOI) என்ற எழுத்துகள் அச்சாகியிருக்கும். இந்தச் சின்ன விதியை எல்லா மாநிலங்களும் கொண்டுவர வேண்டும் என்பேன். செலவே இல்லாத சீர்திருத்தம் இது. அட்டையில் தெரியவில்லை என்றால் ஹெச்.ஆரிடம் பிளான் செல்ஃப் ஃபண்டட்டா, ஃபுல்லி இன்ஷ்யூர்டா (இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் வாங்கிய பாலிசியா) என்று மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் எழுத்தில் இருக்கட்டும். மாநில வரம்புக்குள் வந்தால் மாநில இன்சூரன்ஸ் துறைக்குப் புகார் செய்யுங்கள். வராவிட்டால், மறுப்புக் கடிதம் வந்த 180 நாளுக்குள் பிளானுக்குள்ளேயே அப்பீல். அதுவும் தோற்றால், மருத்துவக் காரணம் சொல்லி மறுத்த விஷயங்களை நான்கு மாதத்துக்குள் வெளி மறுபரிசீலனைக்குக் கொண்டுபோகலாம். 2010-இன் ஒபாமாகேர் சட்டம் இதைச் செல்ஃப் ஃபண்டட் பிளான்களுக்கும் கட்டாயமாக்கியது. அதோடு ஹெச்.ஆரின் பெனிஃபிட்ஸ் பிரிவிலும் பேசுங்கள். செல்ஃப் ஃபண்டட் பிளானில் பணம் உங்கள் கம்பெனியுடையது. பிளான் விதிகளை மாற்றச் சொல்லும் இடத்தில் அவர்கள்தான் இருக்கிறார்கள்.

டெக்சஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரியில் கூடி அதிகபட்சம் 140 நாள் நடக்கும். அந்த நாள்களில் இன்சூரன்ஸ் மசோதாக்கள் குழு விசாரணைக்கு வரும்போது, இன்சூரன்ஸ் நிறுவனங்களின் ஆட்கள் தவறாமல் வந்து உட்கார்ந்திருப்பார்கள். வாக்குரிமை இல்லாத விசாக்காரர்களும் பெயர் பதிந்து அங்கே பேசலாம். மருந்துக்காகக் காத்திருந்தவர்கள் இன்னும் சிலர் வந்தால் நன்றாக இருக்கும்.