பக்‌ஷிராமின் சக்கரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தொன்பதாம் நூற்றாண்டு உலகக் கண்காட்சிகளைப் பற்றிப் படித்துவருகிறேன். 1851இல் இங்கிலாந்து கண்ணாடி மாளிகை கட்டியது, 1889இல் பிரான்ஸ் ஐஃபில் கோபுரத்தை நிறுத்தியது. 1886இல் நம் கைவினைஞர்களும் லண்டன் போய் அசத்தியிருக்கிறார்கள். விக்டோரியா மகாராணியே அவர்களை வரையச் சொன்னாராம். அதில் ஒரு குயவரும் உண்டு. எங்களுடையது மண்பாண்டக் குடும்பம், பெருமையாக இருந்தது. தன்னை நன்றாகக் காட்டிக்கொண்ட நாடு எது?

க.

அன்புள்ள க.,

அந்தக் குயவர் பெயர் பக்‌ஷிராம். மகாராணிக்காக ஓவியர் ருடால்ஃப் ஸ்வோபோடா வரைந்த அவர் முகத்தைக் கொஞ்ச நாளாகவே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதில். ஐஃபில் கோபுரத்தைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், விடுங்கள்.

‘லண்டன் போய் அசத்தினார்கள்’ என்று எப்படி எழுத மனம் வந்தது? அவர்களைக் கூட்டிப்போனவர் டாக்டர் டைலர், ஆக்ரா சிறையின் கண்காணிப்பாளர். வந்த முப்பத்துச் சொச்சம் பேரில் பலர் அந்தச் சிறையில் தொழில் பழகிய கைதிகள். ஆனால் பார்வையாளர்களிடம் என்ன சொன்னார்கள்? இந்திய மன்னர்களின் அரண்மனை முற்றங்களில் காணக்கூடிய அசல் கைவினைஞர்கள் என்று! பக்‌ஷிராமுக்கு 102 வயது என்றார்கள். ராம்லால் என்ற ஒன்பது வயதுப் பையன் கம்பளம் நெய்தான். ஆறு மாதத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தக் கண்காட்சிக்கு வந்தார்கள். ஆலைப் புகையில் சலித்துப்போனவர்களுக்கு, மாறாத கிராமம் ஒன்றைப் பார்க்க ஆசை. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைத் துணி நம் தறிகளை என்ன செய்தது என்பதற்கு அங்கே ஒரு மூலைகூட ஒதுக்கப்படவில்லை. ஆகவே கிராமத்தைச் சிறையிலிருந்து கொண்டுவந்தார்கள். நாடு தன்னைக் காட்டிக்கொள்வது என்றால் எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று அந்த நாடே முடிவு செய்ய வேண்டும். இங்கே முடிவு செய்தவர் சிறை அதிகாரி. பெருமைப்படும் முன் இதைப் படியுங்கள் ஐயா, இரண்டு தடவை படியுங்கள்.

ஒரு கைத்தொழில் கண்காட்சியில் குயவர் ஒருவரைப் பார்த்தேன். பானையைக் கழுத்து வரை ஏற்றுவார். கூட்டம் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்ததும் அமுக்கிவிடுவார். அடுத்த கூட்டத்துக்கு அதே மண், அதே பானை. சாயங்காலம் வரை ஒரு பானைகூடச் சக்கரத்தை விட்டு இறங்கவில்லை. ‘சூளைக்கே போகாத மண்ணைத் தொடவே கூசுது’ என்றார். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தக் கூச்சம் புரியும். அவர்களை நினைத்துப் பெருமைப்படுங்கள், அதற்கு மகாராணியின் சான்றிதழ் எதற்கு?

சரி, உங்கள் கேள்வி. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் ஹெய்ட்டி. அடிமைத்தளையை அறுத்துப் பிறந்த அந்தச் சிறு நாடு, அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற ஃபிரெடரிக் டக்ளஸைத் தன் அரங்கின் பொறுப்பாளராக வைத்தது. கறுப்பின அமெரிக்கர்களுக்கு அவர்கள் சொந்த நாடு அங்கே உரிய இடம் தரவில்லை. அது ஏன் என்று விளக்கும் துண்டு நூலைக் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா வெல்ஸ் ஹெய்ட்டி அரங்கிலிருந்துதான் விநியோகித்தார். அவரைப் பற்றி முதலில் படியுங்கள். அப்புறம் எழுதுங்கள், பதில் போடுகிறேன்.