பழைய புல்லட் 350-இன் ஃப்ளைவீலைக் கடைந்து எடை குறைத்தால் பிக்கப் கூடுமா?

வாலாஜாவிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: 1970-களின் புல்லட் 350 ஒன்றின் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கிறார், கிராங்க் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) வெளியே இருக்கும்போதே, அதோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் விளிம்பை லேத்தில் கடைந்து மூன்று கிலோ குறைத்துவிட்டால் வண்டி சுறுசுறுப்பாகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், செய்யலாமா? சாலையில் ஓட்டும் வண்டி என்றால் வேண்டாம் என்பதே என் பதில். நான் அதைச் செய்து அவதிப்பட்டவன்.

குடியாத்தம் பக்கம் எங்கள் பெரியப்பாவின் கிணற்றடியில் ஓர் ஆயில் இன்ஜின் இருந்தது. இரு பக்கமும் ஆள் தூக்க முடியாத இரண்டு சக்கரங்கள். சிலிண்டரின் அழுத்தத்தைத் திறந்துவிடும் லீவரைத் தூக்கிப் பிடித்து ஹேண்டிலைச் சுற்றி, சக்கரம் வேகம் பிடித்ததும் லீவரை விட்டால், அதில் சேர்ந்திருக்கும் ஓட்டமே பிஸ்டனை அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளி முதல் வெடிப்பை உண்டாக்கும். புல்லட்டின் கிராங்க் உறைக்குள் இருக்கும் இரண்டு இரும்புத் தட்டுகளுக்கும் அதே வேலைதான். நான்கு ஸ்ட்ரோக் ஒற்றை சிலிண்டரில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு முறைதான் வெடிப்பு. அந்த 720 பாகையில் பிஸ்டன் விசை கொடுப்பது ஏறத்தாழ 180 பாகைக்கு மட்டுமே, மீதி 540 பாகைக்கும் புகையை வெளியேற்றி, காற்றை உள்ளிழுத்து, அதை அழுத்தி முடிக்கும் வரை இன்ஜினைச் சுமந்து செல்வது ஃப்ளைவீல். நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐடிலிங் ஓடும்போது ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 0.15 வினாடி இருக்கிறது. சக்கரத்தில் சேரும் ஆற்றல் சுழல்வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 4,000 சுற்றில் இருப்பதில் 25-இல் ஒரு பங்குதான் 800 சுற்றில் இருக்கும். ஆகவே எடையைக் குறைத்தால் முதலில் அடிபடுவது ஐடிலிங்கும் குறைந்த வேக ஓட்டமும்தான்.

பிக்கப் கூடுமா என்றால், கூடும். ஆனால் எங்கே, எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஃப்ளைவீல் சக்தியை உண்டாக்குவதுமில்லை, விழுங்குவதுமில்லை; வேகம் கூடும்போது வாங்கி வைத்துக்கொண்டு, குறையும்போது திருப்பிக் கொடுக்கிறது. அதனால் உச்ச வேகம் மாறாது. ஒரு கணக்குக்காக, கிராங்க் தொகுதியை 10 கிலோ எடையும் 9 செ.மீ. ஆரமும் கொண்ட சீரான தட்டு என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கரம் ஒரு முறை சுழல முதல் கியரில் இன்ஜின் 15 முறையும் டாப் கியரில் ஐந்தரை முறையும் சுழல்வதாகக் கொண்டால், அந்தத் தட்டு முதல் கியரில் வண்டிமேல் சுமார் 88 கிலோ மூட்டை ஏற்றியதுபோலவும், டாப் கியரில் 12 கிலோ மட்டும் ஏற்றியதுபோலவும் முடுக்கத்தைத் தடுக்கும். அதிலிருந்து சீராக மூன்று கிலோ எடுத்தால் முதல் கியரில் அந்தச் சுமையில் 26 கிலோ குறையும், டாப் கியரில் நான்கு கிலோகூடக் குறையாது. வண்டியும் ஆளுமாக 240 கிலோ என்று வைத்தால், முதல் கியரில் எட்டு விழுக்காடு லாபம், டாப் கியரில் ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு. விளிம்பிலிருந்து எடுக்கும் இரும்புக்கு மதிப்பு கூடுதல் என்பது உண்மைதான்; ஆரம் இருமடங்கானால் அதே எடையின் தாக்கம் நான்கு மடங்கு. ஆனால் கேட்டவர் எதிர்பார்க்கும் மாற்றம் நெடுஞ்சாலையில் கிடைக்காது. ஸ்டாண்டில் நிறுத்தி ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போதுதான் பிரமாதமாக இருக்கும்.

என் வண்டியைக் கடைந்து கொடுத்த பட்டறையின் பெயர் இங்கே வேண்டாம். முதல் இரண்டு நாள் எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்றாம் நாள் கிரீன் சர்க்கிள் சிக்னலில் மூன்று முறை வண்டி நின்றது. ஐடிலிங்கைத் தூக்கி வைத்தேன். புல்லட்டின் அந்த நிதானமான தட்டல் போய், அவசரமாக மூச்சு வாங்குவதுபோல ஒரு சத்தம் வந்தது. கிக்கரில் கால் வைத்தால் எதிருதை உதைக்க ஆரம்பித்தது. டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) சற்று முன்கூட்டி இருந்தாலும், கனமான சக்கரம் அந்த வெடிப்பை மீறிப் பிஸ்டனை மேலே கொண்டுபோய்விடும், இலகுவான சக்கரத்துக்கு அந்தத் திராணி இல்லை. ஏலகிரியின் (அன்று அது எங்கள் வேலூர் மாவட்டம், 2019-இல் திருப்பத்தூரோடு போய்விட்டது) 14 கொண்டை ஊசி வளைவுகளில் முன்பெல்லாம் இரண்டாம் கியரிலேயே முனகிக்கொண்டு ஏறிய வண்டி, கடைந்த பிறகு ஒவ்வொரு வளைவிலும் முதல் கியரும் பாதிக் கிளட்சும் கேட்டது.

அதைவிட மோசமானது அதிர்வு. கனெக்டிங் ராட் கோக்கப்படும் கிராங்க்பின்னுக்கு எதிர்ப்பக்கம் உள்ள கூடுதல் கனம், அந்தப் பின்னையும் கனெக்டிங் ராடின் பெரிய முனையையும் முழுமையாகவும், மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் எடையில் பாதியையோ சற்று அதிகமாகவோ ஈடுகட்டுவதற்காகக் கணக்கிட்டு வைக்கப்பட்டது. விளிம்பைச் சுற்றிலும் ஒரே அளவில் கடைந்தாலும், கனமான பக்கத்தில் இரும்பு அதிகம் போவதால் அந்தக் கணக்கு குலைந்துவிடும். மறுபடி பேலன்ஸ் பார்க்காமலே எனக்கு மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஃபுட்ரெஸ்ட் பாதத்தைக் கூச வைத்தது, இரண்டு மாதத்தில் மூன்று ஹெட்லைட் பல்புகள் போயின. கடைசியில் சத்துவாச்சாரியில் நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக் பாய், கிராங்க்கை இறக்கிப் பார்த்துவிட்டு, "வெட்டின இரும்பை ஒட்டவா முடியும் தம்பி, வேற கிராங்க் தேடுங்க" என்றார். சென்னைப் புதுப்பேட்டையில் அலைந்துதான் ஒன்று கிடைத்தது.

கேள்வியில் உங்கள் மைத்துனரின் எஸ்டி (Yezdi) பைக்கையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிப்பு உண்டு என்பதால் எடையின் தேவை குறைவுதான். ஆனால் அங்கே கிராங்க் உறைதான் கலவையை முதலில் அழுத்தும் அறை. தட்டுகளைக் கடைந்தால் உறைக்குள் காலி இடம் கூடி அந்த அழுத்தம் குறையும், வண்டி மந்தமாகும். அதைத் தொட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

எப்போதும் உச்சச் சுற்றிலேயே ஓடும் பந்தய வண்டிக்கு இலகுவான சக்கரம் பொருந்தும். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த ஓட்டம் தெரியும். அங்கே சிக்னலும் இல்லை, மலைப்பாதையும் இல்லை. பாறையிலும் சேற்றிலும் நடை வேகத்தில் ஊர்ந்து போகும் டிரையல்ஸ் போட்டிகளிலோ கனமான சக்கரத்தையே விரும்புவார்கள். வெடிப்பின் உதைப்பை அது மெத்தென ஆக்குவதால் பின்டயர் வழுக்காமல் பிடிக்கிறது. ஆர்க்காடு சாலையின் நெரிசலுக்கு இவ்விரண்டில் எது நெருக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

இன்ஜின் பிரித்திருக்கும் இந்த நேரத்தில் வால்வு இருக்கைகளையும் கிளட்ச் தட்டுகளையும் பாருங்கள். மாட்டிய பிறகு பாயிண்ட் இடைவெளி, டைமிங், கார்புரேட்டர். பழைய புல்லட் மந்தமாக ஓடுவதற்கு என் அனுபவத்தில் பெரும்பாலும் இவைதான் காரணம். அதற்குப் பிறகும் இழுவை போதவில்லையென்றால், செயின் ஓடும் பல்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லைக் குறையுங்கள். உதாரணமாக, 17 பல்லுக்குப் பதில் 16 போட்டால் எல்லாக் கியரிலும் சுமார் ஆறு விழுக்காடு இழுவை கூடும். உச்ச வேகம் கொஞ்சம் குறையும். பிடிக்கவில்லையென்றால் பழையதையே மறுநாள் மாட்டிக்கொள்ளலாம்.