சர்ச் காய்ச்சின ஏல்

வணக்கம் சார். என் பையன் எக்ஸிட்டர்ல வேலை பார்க்கறான். போன மாசம் அவன்கிட்ட போயிருந்தப்ப டெவன் கிராமங்கள் பக்கம் கார்ல சுத்தினோம். ஒரு ஊர்ல சர்ச் காம்பவுண்டு சுவரை ஒட்டியே ஒரு பப், பேரு 'சர்ச் ஹவுஸ் இன்'. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. பையன் சிரிச்சுக்கிட்டே, "அப்பா, அந்தக் காலத்துல சர்ச்சே பீர் காய்ச்சி வித்திருக்கு"ன்னான். தண்ணி கெட்டுப்போய் கிடந்ததால பச்சக் குழந்தை வரைக்கும் பீர்தான் குடிச்சாங்கன்னும் சொன்னான். நிஜமா சார்? சாமி கும்பிடற இடமே இப்படிச் செய்யலாமா? மனசு ஒப்பல. நேரம் கிடைச்சா எழுதுங்க.
எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

பையன் சொன்னதுல முதல் பாதி சரி, ரெண்டாவது பாதி யாரோ கிளப்பிவிட்டு எல்லாரும் நம்பற கதை. கிணத்துத் தண்ணி, ஊத்துத் தண்ணி எல்லாம் தாராளமா குடிச்சிருக்காங்க. லண்டன்ல 1245லயே டைபர்ன் ஊத்துல இருந்து குழாய் போட்டு ஊருக்குள்ள தண்ணி கொண்டுவர வேலைய ஆரம்பிச்சுட்டாங்க, தண்ணியக் குடிக்கவே மாட்டேன்னு இருக்கறவன் எதுக்கு அந்த செலவு பண்றான் சொல்லுங்க. ஏல், அதாவது அந்தக் காலத்து பீர், அதைக் குடிச்சது ருசிக்கு, அப்புறம் வயித்துக்கு. நாள் முழுக்க வயல்ல குனிஞ்சு நிமிர்றவனுக்கு அது பாதி சாப்பாடு. வீட்டுல தினப்படி குடிச்சதும் பெரும்பாலும் ரெண்டாவது மூணாவது தடவை அதே மால்ட்ல வெந்நீர் ஊத்தி எடுத்த தண்ணியான சரக்குதான், நம்ம ஊர்ல தேங்காய்ப்பால் ரெண்டாம் பால் மூணாம் பால் எடுப்பாங்க இல்ல அந்த மாதிரி.

ஏல்னா என்னன்னு ஒரு வார்த்தை சொல்லிடறேன், ஏன்னா மொத்தக் கதையும் அதுலதான் இருக்கு. பார்லிய ஊறவெச்சு முளைகட்டி காயவெச்சா மால்ட், அதை அரைச்சு வெந்நீர்ல போட்டு இனிப்பா வர்ற சாறை வடிச்சு ஈஸ்ட் நுரை போட்டு புளிக்கவிட்டா ஏல். இதுல பீரைக் கெடாம வெக்கற, கசப்பு தர்ற ஹாப்ஸ் பூ கிடையாது. ஹாப்ஸ் போட்ட பீர் 1400 வாக்குலதான் ஹாலந்து பக்கத்துல இருந்து இங்கிலாந்துக்கு வருது. ஹாப்ஸ் இல்லாததால ஏல் சில நாள்லயே புளிச்சு வீணாயிடும், சேர்த்துவெச்சு வெளியூருக்கு அனுப்பற வேலையெல்லாம் நடக்காது. அதனால கிராமத்துல இன்னிக்கு ஒரு வீடு, அடுத்த வாரம் ஒரு வீடுன்னு மாறிமாறிக் காய்ச்சுவாங்க, தனக்குப் போக மிச்சத்தை விப்பாங்க, காய்ச்சறது பெரும்பாலும் பெண்கள். புரூஸ்டர்னு இங்கிலீஷ்ல ஒரு குடும்பப் பேர் இருக்கே, அது முதல்ல ஏல் காய்ச்சற பெண்ணைக் குறிச்ச சொல். வாசல்ல ஒரு கம்பு நட்டு இலைக்கொத்து கட்டிட்டா இங்க ஏல் ரெடின்னு அர்த்தம், ஊர் சுவைபார்ப்பாளர் வந்து ருசி பார்த்து விலை சரியா அளவு சரியான்னு சொல்லணும். 1266, 67 வாக்குல வந்த சட்டப்படி தானிய விலை ஏற ஏற ஏல் விலையும் ஏறலாம், அதுக்கு மேல வித்தா அபராதம். நடைமுறையில எல்லாருமே அபராதம் கட்டிட்டு எல்லாருமே வித்தாங்க, லைசென்ஸ் ஃபீஸ் மாதிரி ஆயிடுச்சு. (சுவைபார்ப்பாளர் தோல் கால்சட்டையோட ஏல் கொட்டின பெஞ்சுல உக்காந்து ஒட்டுதா பார்ப்பார்னு ஒரு கதைய கைடுங்க சொல்வாங்க. கேக்க நல்லாருக்கும், நம்பாதீங்க.)

இப்ப உங்க சர்ச்சுக்கு வருவோம். கிராமத்து சர்ச்ல பீடம் இருக்கற முன்பகுதிய ரிப்பேர் பண்றது பாதிரியாரோட பொறுப்பு, ஜனங்க நிக்கற பெரிய கூடம் ஊர்க்காரங்க பொறுப்பு. கூரையில ஈயத்தகடு போகும், மணியில விரிசல் விடும், மெழுகு தீரும். பணத்துக்கு எங்க போறது? வருஷாவருஷம் ஊர் தேர்ந்தெடுக்கற ரெண்டு சர்ச் வார்டன்கள் இருப்பாங்க, விவசாயிங்கதான். அவங்க வீடுவீடா போய் மால்ட் வாங்குவாங்க, இருக்கறவன் ஒரு மூட்டை இல்லாதவன் ஒரு படி, அதை மொத்தமா காய்ச்சி, ஈஸ்டர் கழிச்சு ஏழு வாரத்துல வர்ற பெந்தெகொஸ்தே விடுமுறையில ஊரையே கூட்டி விப்பாங்க. கொடுத்தவனே வந்து காசு கொடுத்து வாங்கிக் குடிப்பான், பக்கத்து ஊர்க்காரங்களும் வருவாங்க, அவங்க ஊர் விழாவுக்கு இவங்க போயாகணும். இதுதான் சர்ச் ஏல். லாபம் அப்படியே சர்ச் கணக்குல. சாமி பேரைச் சொல்லி எவனோ சாராயம் வித்தான்னு நீங்க நினைச்சிருப்பீங்க, ஆனா நான் இதைப் பார்க்கறது குடிக்கக்கூடிய ஒரு வரியாத்தான்.

கூரை போடப் பணம் வேணும்னு ராபின் ஹூட் வேஷம் போட்டு வசூல் பண்ணின ஊர்களும் உண்டு. சோமர்செட்ல யோவில், கிராஸ்கோம்ப், தேம்ஸ் கரையில கிங்ஸ்டன், இங்கெல்லாம் வார்டன் கணக்குல ராபின் ஹூட் கொண்டுவந்த காசுன்னு வரவு எழுதியிருக்கு. கொள்ளைக்காரன் பேர்ல கோயிலுக்கு வரவு!

ஆரம்பத்துல சர்ச் கூடத்துக்குள்ளயே விருந்து நடந்திருக்கு. பிஷப்புகளுக்கு அது பிடிக்கல, அதனால பக்கத்துலயே தனியா ஒரு வீடு கட்டினாங்க, சர்ச் ஹவுஸ். கீழ அடுப்பு, பெரிய செப்புக் கொப்பரை, மேல நீளமா விருந்துக் கூடம். நீங்க பார்த்த பப்புக்கு அந்தப் பேர் வந்தது இப்படித்தான். டெவன்ல ஹார்பர்ட்டன், ஹோல்ன், ராட்டரின்னு பல ஊர்ல அதே பேர்ல பப் இருக்கு. காய்ச்சற பாத்திரத்தை மத்த நாள்ல வாடகைக்கு விட்டும் சம்பாதிச்சிருக்காங்க.

சர்ச்சுக்கு மட்டும்னு இல்ல, நொடிச்சுப்போன ஒருத்தனைத் தூக்கிவிட ஒரு ஏல், சர்ச் குமாஸ்தாவுக்கு சம்பளமா ஒரு ஏல், கல்யாணப் பொண்ணுக்கு ஒரு ஏல். அந்தக் கடைசி ஏல்தான் 'பிரைடல்'ங்கற சொல், பழைய இங்கிலீஷ்ல மணப்பெண் ஏல், அதாவது கல்யாண விருந்து. நம்ம ஊர் பியூட்டி பார்லர் போர்டுல 'பிரைடல் மேக்கப்'னு பார்க்கறப்ப எல்லாம் எனக்கு சிரிப்பு வரும், ஆனா பார்லர்ல போய் சொல்லமுடியுமா.

இதுக்கு ஒரு கெட்ட அண்ணனும் உண்டு, ஸ்காட் ஏல். வனக்காவலர், அதிகாரி மாதிரி ஆளுங்க ஏல் காய்ச்சி, வந்து குடிச்சு காசு கொடுன்னு ஜனங்களை மிரட்டறது. 1217ல வந்த வன சாசனம் காவலர்கள் இதைச் செய்யவே கூடாதுன்னு தடுத்துது. ஒரே சரக்குதான், கூப்பிடறவன் யாருங்கறதுல இருக்கு விஷயம்.

அப்புறம் எப்படி நின்னுச்சுன்னு கேப்பீங்க. மதச் சீர்திருத்த காலத்துல, 1540கள் கடைசியில, பல ஊர்ல ஏல் நின்னுபோச்சு. டெவன்லயே மோர்பாத்னு முப்பத்துமூணு குடும்பம் இருந்த ஒரு சின்ன ஊர், அதோட பாதிரியார் கிறிஸ்டோபர் டிரிக்கி 1520ல இருந்து 1574 வரைக்கும் அங்கயே இருந்து கணக்கு எழுதிவெச்சார். ஏலும், சர்ச்சுக்கு வருமானம் தந்த சொந்த ஆடுகளும் கையை விட்டுப்போனதும் அந்த ஊர் சர்ச் எப்படி ஓட்டாண்டி ஆச்சுன்னு அதுல வரிவரியா தெரியுது. கத்தோலிக்கரான மேரி ராணி காலத்துல திரும்ப வந்துது, எலிசபெத் காலத்துல பியூரிடன்கள்னு சொல்ற கறாரான புராட்டஸ்டன்ட்காரங்க எதிர்த்தாங்க. அவங்களை நான் குறையே சொல்லமாட்டேன், ஞாயித்துக்கிழமை குடிச்சுட்டு அடிதடி, அப்பன் பேர் தெரியாத பிள்ளைங்க, எல்லாம் நடந்ததுதான்.

பெரிய சண்டை 1632ல சோமர்செட்ல. தலைமை நீதிபதி தாமஸ் ரிச்சர்ட்சன் இனிமே ஏல் விழாவே கூடாதுன்னு உத்தரவு போட்டு, அதை சர்ச்சுல பாதிரியார்களே வாசிக்கணும்னுட்டார். நீதிபதி எப்படி சர்ச்சுக்குள்ள உத்தரவு போடலாம்னு பிஷப் லாட் கொதிச்சுட்டார், ராஜா சார்லஸ் கிட்ட போச்சு, ரிச்சர்ட்சன் தன் உத்தரவைத் தானே வாபஸ் வாங்க வேண்டியதாப் போச்சு. லாட் விட்ட டோஸ்ல வெளிய வந்தவர், பிஷப்போட அங்கிக் கை தொண்டையை அடைச்சு மூச்சுத் திணற வெச்சுடுச்சுன்னு புலம்பினாராம். அந்த நேரத்துல பாத் அண்ட் வெல்ஸ் பிஷப் வில்லியம் பியர்ஸ் எழுபத்திரண்டு பாதிரியார்கள் கிட்ட கருத்து கேட்டு லாடுக்கு எழுதின கடிதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஏலால சர்ச் ரிப்பேர் நடக்குது, ஏழைக்கு உதவி கிடைக்குதுன்னு எல்லாம் சொல்லிட்டு ஒரு பாயிண்ட் வெக்கறார் பாருங்க: இதை நிறுத்தினா ஜனங்க தனியா குடிக்கற கடையில பெஞ்சுல உக்காந்து சர்ச்சைப் பத்தியும் அரசாங்கத்தைப் பத்தியும் பேச ஆரம்பிச்சுடுவாங்கன்னு. பத்து வருஷத்துல உள்நாட்டுப் போரே வந்துடுச்சு, அதோட சர்ச் ஏல் கிட்டத்தட்ட முடிஞ்சுது, ஆக்ஸ்ஃபோர்டுஷையர் பக்கம் கிராம டான்ஸோட கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்துது.

ஆனா கூரை ஒழுகறது நிக்கல இல்ல? ஏல் போன இடத்துல சர்ச் ரேட்டுனு ஒரு வரி வந்து உக்காந்துக்கிச்சு, நம்ம தலைக்கட்டு வரி மாதிரி, கட்டலைன்னா கேஸ். வேற சபைக்குப் போறவனும் கட்டணும். 1868 வரைக்கும் அது கட்டாயமா இருந்து, எத்தனை பேர் கட்டமாட்டேன்னு ஜப்தி வரைக்கும் போனாங்க. வில்ட்ஷயர்ல பதினேழாம் நூற்றாண்டு எழுத்தாளர் ஜான் ஆப்ரி, தன் தாத்தா காலத்துல ஏழைகளுக்குன்னு வரியே கிடையாது, எங்க கிங்டன் செயின்ட் மைக்கேல்ல பெந்தெகொஸ்தே ஏலே அந்த வேலையைப் பார்த்துக்கிச்சுன்னு எழுதிவெச்சுட்டுப் போயிருக்கார். தாத்தா காலம்னா எல்லாருக்கும் இனிக்கத்தான் செய்யும், அதைக் கொஞ்சம் கழிச்சுக்கணும். இருந்தாலும் சாமி கும்பிடற இடம் இப்படிச் செய்யலாமான்னு நீங்க கேட்டதுக்கு என் பதில், ஜப்திக்கு அது தேவலைங்கறதுதான்.

அடுத்த தடவை பையன்கிட்ட போனா சோமர்செட்ல குரோகோம்ப் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. சர்ச்சுக்கு எதிர்ல 1515 வாக்குல கட்டின சர்ச் ஹவுஸ் இருக்கு. இடையில கீழ ஏழைகளுக்கு வீடாவும் மேல பள்ளிக்கூடமாவும் இருந்துது, இப்ப ஊர் ஹால். மேல கூடத்துக்கு ஏறிப்போய் கூரை மரத்தை அண்ணாந்து பாருங்க, அதுக்குக் கீழதான் பந்தி.