ஆறட்டும்

ஐயா, வணக்கம்.

அப்பா தவறி எட்டு மாதம் ஆகிறது. அவருடைய பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளின் எண் 3817. பட்டர்வொர்த்திலிருந்து தினமும் ஃபெர்ரி ஏறி ஜார்ஜ்டவுனுக்கு வேலைக்குப் போகிறேன். இரண்டு மாதமாக அந்த எண் என்னைத் துரத்துகிறது. மருந்துக்கடையில் பில் 38.17 வெள்ளி. ஃபெர்ரியில் எனக்கு முன்னால் நின்ற மோட்டார் 3817. போன வாரம் வந்த பார்சலின் கடைசி நான்கு எண்ணும் அதேதான். தம்பி உடனே லாட்டரியில் அந்த நம்பர் வாங்கினான், பரிசு அடிக்கவில்லை. வீட்டுக்காரர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா ஏதோ சொல்ல வருகிறாரா? மோட்டாரை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது, அதனால் கேட்கிறேன்.

வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள சகோதரி,

முதலில் கணக்கை முடித்துவிடுவோம், அது சுலபம். எழுத்துகளை விட்டுவிட்டால் நம் மலேசிய நாட்டு வண்டி எண் 1-ல் தொடங்கி 9999-ல் முடிகிறது. ஃபெர்ரியிலும் சாலையிலுமாக நாளைக்கு 300 எண்கள் உங்கள் கண்ணில் பட்டால் மாதம் 9000. ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு 3817 வந்துபோகும். அப்பா இருந்தபோதும் வந்துபோயிருக்கும். வாசலில் அசல் நின்றதால் நகலை யாரும் பார்க்கவில்லை. தம்பிக்கும் சொல்லுங்கள்: ஒரு குலுக்கலில் பத்தாயிரம் எண்களில் 23-க்குத்தான் பரிசு. விபத்தில் நசுங்கிய காடியின் எண்ணைக்கூட ஓடிப்போய் எழுதிக்கொள்கிற ஊர் நம்முடையது. அடிக்காத எண்ணை மறுநாளே மறந்துவிடுவோம், அடித்த எண்ணைப் பத்து வருஷம் பேசுவோம்.

மூன்றில் எனக்குப் பிடித்தது மருந்துக்கடை பில்தான். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் உங்களிடம் வாங்கியது 38.15 ஆகத்தான் இருக்கும். 2008-லிருந்து சில்லறையை ஐந்து சென்னுக்குச் சரிக்கட்டித்தானே வாங்குகிறார்கள். கல்லாக்காரர் வேண்டாமென்று விட்ட இரண்டு சென்னை நீங்கள் எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டீர்கள்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று உங்கள் வீட்டுக்காரரைப்போல நானும் கைகழுவலாம். அந்தப் பழமொழி காக்கையையும் பழத்தையும் மட்டும் பேசுகிறது. மரத்தடியில் பசியோடு ஒருவர் நின்றிருந்தால் அவருக்கு என்ன ஆனது என்று சொல்வதில்லை.

சுவிஸ் மனநல மருத்துவர் கார்ல் யுங்கின் வண்டுக் கதையைச் சிலர் உங்களுக்குச் சொல்லக்கூடும். கனவில் தனக்கொரு தங்க வண்டு கிடைத்ததை ஒரு பெண் அவரிடம் விவரித்துக்கொண்டிருந்தபோது, ஜன்னலில் நிஜமாகவே ஒரு வண்டு வந்து மோதியதாம். காரணத்தால் இணையாமல் பொருளால் இணையும் நிகழ்வுகள் உண்டு என்று 1952-ல் அவர் எழுதினார். எனக்கு அது ஒட்டவில்லை. நம்மிடமே இதைவிடப் பழைய, இதைவிட நேர்மையான ஒரு சொல் இருக்கிறது: விரிச்சி.

சங்க நூலான முல்லைப்பாட்டில் வருகிறது. போருக்குப் போன தலைவன் திரும்பவில்லை. மாலை நேரம். வயதான பெண்கள் ஊருக்கு வெளியே போய், நெல்லும் முல்லைப்பூவும் தூவிக் கைகூப்பி நிற்கிறார்கள். அயலார் பேச்சில் காதில் விழுவதுதான் சகுனம், அதற்குத்தான் விரிச்சி என்று பெயர். அங்கே ஓர் ஆயர்மகள், குளிரில் நடுங்கும் தோளைக் கைகளால் கட்டிக்கொண்டு, தாயைக் காணாமல் தவிக்கிற கன்றைத் தேற்றுகிறாள்: "இன்னே வருகுவர் தாயர்." இதோ வந்துவிடுவார்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்து, தலைவன் வந்துவிடுவான் என்று தலைவியிடம் சொல்கிறார்கள்.

அந்த ஆயர்மகளுக்கு இவர்கள் நிற்பதே தெரியாது. பேசியது கன்றிடம். புலவர் அதை மறைக்கவும் இல்லை, கன்றைக் கட்டிய சிறு கயிறுவரை சொல்லிவிடுகிறார். கேள்வி கிழவிகள் வீட்டிலிருந்து கொண்டுபோனது. தலைவி தேறினாளா? இல்லை. "காட்டவும் காட்டவும் காணாள்." அழுதுகொண்டே இருக்கிறாள். போய் நின்று கேட்டவர்களுக்குக் கிடைத்த ஆறுதலைக் கொண்டுவந்து அவளுக்குக் கொடுக்க முடியவில்லை. உங்கள் வீட்டுக்காரர் சிரிப்பதும் கிட்டத்தட்ட இதனால்தான்.

நானும் ஒருமுறை, தெரியாமலே, விரிச்சி கேட்டிருக்கிறேன். அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். அறுவைக்குக் கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். கீழே இறங்கி, எதிரே மாமாக் கடையில் தே தண்ணி கட்டச் சொல்லிவிட்டு நின்றேன். கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயைச் சுருட்டி ரப்பர் போடப் போன பையனிடம் கல்லாவிலிருந்த பெரியவர் சொன்னார்: "தொடாதடா, ஆறட்டும்." எனக்குப் புல்லரித்துவிட்டது. மேலே போய், கையெழுத்துப் போடாமல் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். பதினாறு நாள் வலியில் துடித்தார். பிறகு அதே அறுவை. நன்றாகவே முடிந்தது.

அதே சொல்லை 'அறுத்தால் ஆறிவிடும்' என்றும் நான் எடுத்துக்கொண்டிருக்கலாம். படியிறங்கும்போதே எனக்குக் கத்தியை நினைத்து நடுக்கம், அதற்குத் தோதாகத்தான் காதில் விழுந்தது. பெரியவர் கவலைப்பட்டது பையனின் விரலுக்காக. அம்மா இன்றுவரை அந்தப் பதினாறு நாளைப் பற்றிக் கேட்டதில்லை. நானும் தே தண்ணிக் கதையைச் சொன்னதில்லை.

ஆக, எண்ணை அப்பா அனுப்புகிறாரா என்றால், இல்லை என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்காரரின் சிரிப்பிலும் நான் சேரமாட்டேன். முந்நூறு எண் கடந்துபோக ஒன்றில் மட்டும் கண் தடுக்கினால், அந்த இடத்தில் உங்களுக்கு ஏதோ பாக்கி இருக்கிறது. கடிதத்தில் ஒன்றைக் கவனித்தேன். அப்பா போய் எட்டு மாதம், எண் துரத்துவது இரண்டு மாதமாக. விற்கிற பேச்சு எப்போது தொடங்கியது?

அந்த முடிவை மட்டும் ஃபெர்ரியில் நிற்கும் வண்டிகளிடம் கேட்காதீர்கள். வீட்டுக்காரரையும் தம்பியையும் உட்காரவைத்து, விற்க மனசில்லை என்றோ, விற்கலாம், பழைய நம்பர் பிளேட்டை மட்டும் கழற்றி எனக்குக் கொடுங்கள் என்றோ வாய்விட்டுச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் ஒருமுறை வண்டியைக் கிளப்பிப் பாருங்கள். எட்டு மாதமாக நிற்கிற கப்சாய், பேட்டரி இறங்கியிருக்கும். உதைத்துத்தான் கிளப்ப வேண்டும்.