அந்தக் குதிரையை யார் நிறுத்துவது?

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம். போன மாதம் நண்பர்களோடு முதன்முறையாக ரேஸ் பார்க்கப் போனேன். நான் 300 ரூபாய் கட்டியிருந்த குதிரை கடைசி வளைவில் முன்னங்கால் மடங்கி விழுந்தது. ஜாக்கி எழுந்துவிட்டார். குதிரை எழப் பார்த்துப் பார்த்து விழுந்தது. சுற்றிலும் திரை பிடித்தார்கள். ஒரு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அடுத்த ரேஸ் சொன்ன நேரத்துக்கே தொடங்கியது. பக்கத்தில் நின்றவர், "இதெல்லாம் சகஜம் தம்பி. குதிரைக்கு ஓடுறதுன்னா உயிரு. ஓடிக்கிட்டே போயிடுச்சு, நல்ல சாவு" என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பணம் கட்டிய நானும் அந்தச் சாவுக்குப் பொறுப்பா? பந்தயத்தையே தடை செய்ய வேண்டுமா? ஊரில் எருது விடும் விழாவை ஆசையாகப் பார்க்கிற எனக்கு இதைக் கேட்க யோக்கியதை உண்டா?

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

மத்திகிரி கால்நடைப் பண்ணையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவதற்காகக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குப் பக்கத்து இடம்தான். மாட்டுப் பண்ணை என்றுதான் நமக்குப் பழக்கம். ஆனால் 1824இல் வெள்ளைக்காரர்கள் அதைத் தொடங்கியது பட்டாளத்துக் குதிரைகளுக்காக. குதிரை எப்படி வளர்கிறது, எந்த வயதில் எலும்பு முற்றுகிறது, கால் ஏன் உடைகிறது என்று ஒன்றைத் தொட்டு ஒன்றாகப் படிப்பு போய்க்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எருது விடும் விழாவை இங்கே எடுக்க மாட்டேன், அதற்குத் தனியாக எழுத வேண்டும். தனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே இருப்பவர்கள் கடைசிவரை எதையும் கேட்பதில்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். காட்சிக்குப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் 2011இல் மத்திய அரசு காளையைச் சேர்த்தது. அதன் தொடர்ச்சியாக 2014இல் ஜல்லிக்கட்டு நின்றது. 2017இல் தமிழ்நாட்டின் சட்டத் திருத்தத்தோடு திரும்பி வந்தது. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பட்டியலில் குதிரை இல்லை. காளைக்காக நாடே இரண்டு பக்கமாக நின்று வாதாடியது. பந்தயக் குதிரைக்காக அப்படி ஒரு வாதம் நடந்து நான் பார்த்ததில்லை. ஆகவே தாராளமாகக் கேளுங்கள்.

பக்கத்தில் நின்றவருக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? கடிதத்தில் அது இல்லை. ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள். அதுதான் எனக்குக் கோபம். சோறு இறங்காத அளவுக்கு மனசு கலங்கியவர், அந்த ஆளின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ஓடுவது குதிரைக்குப் பிடிக்கும், சரி. வயலில் அவிழ்த்துவிட்டால் தானே ஓடும், தானே நிற்கும். பந்தயத்தில் ஜாக்கி விழுந்த பிறகும் கூட்டத்தோடு ஓடுகிறதே, அதை ஆசை என்று எப்படிச் சொல்வது? கூட்டத்திலிருந்து பிந்தினால் ஓநாய் வாயில்தான் என்று பல லட்சம் ஆண்டுகளாக உடம்பில் ஊறிய பயம் அது. வலியை வெளியே காட்டாமல் மறைப்பதும் அதே பயத்தால்தான்.

நல்ல சாவாம். அந்தக் குதிரையின் காலை எண்ணிப் பாருங்கள். அரை டன் உடம்பு. முன்னங்கால் முட்டிக்குக் கீழே சதையே கிடையாது. எலும்பு, நாண், தோல், அவ்வளவுதான். முழுப் பாய்ச்சலில் ஒரு கணம் ஒரே ஒரு கால் தரையில் இருக்கும். அந்த நேரத்தில் உடம்பு எடையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான பாரம் அந்த ஒரு காலில் இறங்கும். உடைந்தால் நம்மைப் போல மாதக்கணக்கில் படுக்கவைக்க முடியாது. அதிக நேரம் படுத்தால் அதன் எடையே அதன் சதையையும் நுரையீரலையும் நசுக்கும். நிற்கவைத்தால் பாரம் தாங்குகிற மற்ற கால்களின் குளம்பு கெடும். 2006 மே மாதம் அமெரிக்காவில் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற பார்பரோ என்ற குதிரை, இரண்டே வாரத்தில் அடுத்த பந்தயத்தில் பின்னங்காலை உடைத்துக்கொண்டது. பணத்துக்குக் குறைவில்லை, பெரிய மருத்துவர்கள், எட்டு மாதப் போராட்டம். உடைந்த கால் ஓரளவு தேறியது. மற்ற கால்களில் குளம்பு அழற்சி வந்தது. 2007 ஜனவரியில் ஊசி போட்டு அதன் உயிரை முடித்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு அதே டெர்பியில் எய்ட் பெல்ஸ் என்ற பெண்குதிரை இரண்டாவதாக வந்தது. கோட்டைத் தாண்டி வேகம் குறைக்கும்போது இரண்டு முன்னங்கால்களிலும் கணுப் பக்கம் உடைந்து விழுந்தது. திடலிலேயே கொன்றார்கள். அதற்கு வயது மூன்று.

இனி நான் சொல்ல வந்தது. நீங்கள் பார்த்த குதிரையின் கால், பெரும்பாலும், நீங்கள் பார்த்த அந்த நிமிடத்துக்கு வெகு முன்பே உடையத் தொடங்கியிருக்கும். கலிஃபோர்னியாவில் பந்தயத் திடல்களில் சாகிற குதிரைகளை 1990இலிருந்து அறுத்துப் பார்க்கிறார்கள். கால் உடைந்து செத்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு, உடைந்த இடத்திலோ அதை ஒட்டியோ பழைய சேதம் இருந்தது. பயிற்சியின்போது எலும்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். உடம்பு அந்தக் கெட்ட பகுதியை முதலில் அரித்து எடுத்துவிட்டு, அப்புறம்தான் புது எலும்பை நிரப்பும். இடைப்பட்ட காலத்தில் அந்த எலும்பு முன்பைவிட பலவீனம். அப்போது ஓய்வு கொடுத்தால் தேறிவிடும். வலி மருந்து கொடுத்து, மூட்டில் ஊசி போட்டு, நொண்டல் தெரியாமல் ஓடவிட்டால் உடையும். ஆக, தடுத்திருக்கக்கூடிய சாவுகள் இவற்றில் எத்தனையோ. ஓட்டத்துக்கு முன் யாரோ ஒருவர் 'இன்று வேண்டாம்' என்று சொல்லியிருக்க வேண்டும், அவர் சொல் எடுபட்டிருக்க வேண்டும்.

என் தாத்தா தர்மபுரி ரயில் நிலையத்தில் ஜட்கா ஓட்டியவர். சிவப்பு மட்டக்குதிரை ஒன்று வைத்திருந்தார். செம்பி என்று கூப்பிடுவோம். அவர் ஒன்றும் ஜீவகாருண்யம் பேசியவர் இல்லை. சாட்டை வைத்திருந்தார், அடிக்கவும் செய்வார், வாயில் வராத வசவு இல்லை. ஒரு தைப்பூசத்தன்று குமாரசாமிப்பேட்டையில் தேர். ரயிலடியில் ஆள் குவிந்து கிடக்கும், ஒரு மாசத்துக் கொள்ளுக் காசை அந்த ஒரே நாளில் பார்த்துவிடலாம். விடியற்காலையில் செம்பியைத் தண்ணீர்த் தொட்டிக்கு நடத்திப்போனவர், பாதி வழியில் நின்றுவிட்டார். கல் பாவிய முற்றத்தில் நாலு குளம்புச் சத்தமும் ஒன்றுபோல விழவில்லையாம். எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. உட்கார்ந்து புறங்கையை ஒவ்வொரு காலாக வைத்துப் பார்த்தார். இடது முன்னங்கால் கணுவுக்கு மேலே லேசாகச் சூடு. அவ்வளவுதான், வண்டி பூட்டவில்லை. பாட்டி கத்தினாள். வீட்டில் அரிசி இல்லை என்றாள், கடன்காரன் வருவான் என்றாள், பார்த்தால் நன்றாகத்தானே நிற்கிறது என்றாள். அவர் பதிலே பேசவில்லை. ஆமணக்கு இலையை வதக்கிக் கட்டிவிட்டு, வாசலில் குந்தி பீடி பிடித்தார். தேருக்குப் போகிற கூட்டம் எங்கள் வீட்டைத் தாண்டி நடந்துபோய்க்கொண்டிருந்தது. இரண்டு பேர் வந்து கூலியைக் கூட்டித் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தார்கள். ஒருவர் போகிறபோது திட்டிவிட்டும் போனார். அந்தக் கால் தேறும்வரை செம்பி வண்டியில் பூட்டப்படவில்லை. பாட்டியின் கம்மல் அடகுக்குப் போனது.

பாசமா, பிழைப்பா என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அந்தக் குதிரை போனால் எங்கள் வீட்டு அடுப்பும் போகும். காலையில் தண்ணீர் காட்டியவரும், வண்டி ஓட்டியவரும், காசு எண்ணியவரும், இன்று வேண்டாம் என்று முடிவெடுத்தவரும் ஒரே ஆள்.

பந்தயத்தில் இந்த ஒரே ஆளைப் பல பேராகப் பிரித்துவிட்டார்கள். முதலாளி பணம் போடுகிறார், குதிரையைத் தொட்டுப் பார்ப்பது எப்போதோ. டிரெயினர் வேண்டாம் என்றால் முதலாளி குதிரையை வேறு டிரெயினரிடம் கொண்டுபோகலாம். ஜாக்கி ஏற மறுத்தால் ஏறுவதற்கு இன்னொருவர் நிற்கிறார். லாயத்தில் தினமும் குதிரையின் காலைத் தேய்த்துவிடுகிற சைஸுக்குத்தான், அதாவது குதிரையைப் பராமரிக்கிற ஆளுக்குத்தான், சூடு முதலில் தெரியும், அவருக்குத்தான் கூலியும் குறைவு, சொல்லுக்கு மதிப்பும் குறைவு. மருத்துவர் நிமிடக் கணக்கில் பார்த்துவிட்டு அடுத்த குதிரைக்குப் போகிறார். பணம் கட்டுகிற உங்களுக்கு எண்ணும் பெயரும் மட்டும்தான் தெரியும். ஒவ்வொருவரும் நிறுத்தும் பொறுப்பு வேறு யாருக்கோ இருக்கிறது என்று நினைக்கிறார்கள். இதில் யாரையும் கொடியவர் என்று சொல்ல மாட்டேன். லாயங்களில் குதிரை செத்தால் அழுகிறவர்கள் இருக்கிறார்கள். அழுகை அந்தக் காலைக் காப்பாற்றாது, ம. ஏற்பாட்டை மாற்ற வேண்டும்.

மாற்றினால் நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. கலிஃபோர்னியாவில் சான்டா அனிட்டா திடலில் 2018 டிசம்பர் கடைசியிலிருந்து 2019 ஜூன் வரை 30 குதிரைகள் செத்தன. ஊரே கொதித்தது. அந்த ஜூனில் ஐந்து பேர் குழு ஒன்றை வைத்தார்கள். ஒவ்வொரு குதிரையின் மருத்துவம், பயிற்சி, பழைய ஓட்டம் எல்லாவற்றையும் அவர்கள் பார்ப்பார்கள். ஐவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்தக் குதிரை ஓடாது. இதைப் படித்தபோது எனக்குத் தாத்தா முகம்தான் வந்தது. 2009இல் அமெரிக்காவில் ஆயிரம் குதிரைகள் களமிறங்கினால் 2 சாவு என்று கணக்கு இருந்தது. அங்கே 2020இல் தேசிய அளவில் சட்டம் போட்டு ஓர் ஆணையம் அமைத்தார்கள். அதன் கீழ் வந்த திடல்களில் 2024இல் அந்தச் சாவுக் கணக்கு 1க்கும் கீழே இறங்கிவிட்டது. இறங்க முடியும் என்றால், இத்தனை காலமும் இறங்காமல் வைத்திருந்தது யார்?

நம் பக்கம் என்ன பேசினோம்? 1974இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. காரணம் சூதாட்டம், குடும்பங்கள் அழிகின்றன என்பது. 1996இல் உச்ச நீதிமன்றம், இது வெறும் அதிர்ஷ்டம் கிடையாது, திறமை சார்ந்தது என்று சொன்னது. 2024இல் ஊட்டித் திடலையும் கிண்டித் திடலையும் அரசு எடுத்துக்கொண்டது. அங்கே பேச்சு நிலமும் குத்தகைப் பாக்கியும். எல்லாம் பேச வேண்டியவைதான், ஆனால் ஐம்பது வருஷத்தில் குதிரையின் காலைப் பற்றி யாரும் பெரிதாக வாய் திறக்கவில்லையே. இதில் நீங்கள் கேட்ட தடைக்கான என் பதிலும் இருக்கிறது. 'இன்று வேண்டாம்' என்று சொல்ல ஓர் ஆளும், அவர் சொல் நிற்க ஒரு விதியும் இல்லாத பந்தயம் நடக்கவே கூடாது. அது இருக்கிற இடத்தில் மேற்கொண்டு பேசலாம்.

உங்கள் 300 ரூபாய் பாவமா என்று என்னிடம் தீர்ப்புக் கேட்காதீர்கள். அதில் எனக்கு அக்கறை இல்லை, உங்கள் தூக்கத்துக்காக அந்தக் குதிரை சாகவில்லை. வேலை ஒன்று தருகிறேன். பணம் கட்டியவர் என்ற உரிமையில் அந்த ரேஸ் கிளப்புக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். தேதி, பந்தய எண், குதிரையின் பெயர் எல்லாம் போடுங்கள். அன்று காலை அதைப் பரிசோதித்தது யார், அதற்கு முந்தைய நாட்களில் என்ன மருந்து கொடுத்தார்கள், செத்த பிறகு அறுத்துப் பார்த்தார்களா, பார்த்திருந்தால் காலில் பழைய கீறல் இருந்ததா, அந்தத் திடலில் இந்த ஆண்டு எத்தனை குதிரைகள் செத்தன. பணிவாகவே கேளுங்கள், ஆனால் ஒன்றையும் விடாதீர்கள். முடிந்தால் அந்தக் குதிரையைப் பார்த்துக்கொண்ட சைஸையும் தேடிப் பிடித்துப் பேசுங்கள். அவர் வேலைக்கு ஆபத்து வராதபடி பேசுங்கள். பதில் வந்தால் எனக்கு அனுப்புங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன். ஒரு மாதத்தில் வராவிட்டால் எழுதுங்கள், இரண்டாவது கடிதத்தை நாம் சேர்ந்தே எழுதுவோம்.