டிவி, போன், வாஷிங் மெஷின்: வாரன்டி கேள்விகளுக்குப் பதில்

அண்ணா, டிவி வாங்கி எட்டு மாதம். மூன்று முறை போர்டு மாற்றியும் திரையில் அதே கோடு. புது டிவி கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். முதலில் ஒன்று சொல்லுங்கள், மூன்று முறையும் ஜாப் ஷீட், அதாவது பழுதையும் செய்த வேலையையும் எழுதித் தரும் சர்வீஸ் சீட்டு, வாங்கினீர்களா? வீட்டுக்கு வந்த மெக்கானிக் பார்த்துவிட்டுப் போனார் என்று வாயால் சொன்னால் நிற்காது, தேதியும் என்ன பழுது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்றே கம்பெனிக்கு மெயில் போட்டு மூன்று தேதிகளையும் குறிப்பிட்டு சர்வீஸ் விவரம் கேளுங்கள், அந்த மெயிலே சாட்சியாகும்.

அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனியின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் கவலையில்லை. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பழுதை நீக்கு, வேறு பொருள் கொடு, பணத்தைத் திருப்பிக் கொடு, நஷ்ட ஈடு கொடு என்று எதையும் ஆணையம் உத்தரவிட முடியும். 3 மாதத்தில், ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

பில் தொலைந்துவிட்டது. வாரன்டி போச்சா?

போகவில்லை. ஆன்லைனில் வாங்கியிருந்தால் ஆர்டர் பக்கத்தில் பில் இருக்கும். கடையில் வாங்கியிருந்தால் நகல் கேளுங்கள், கார்டில் கட்டிய பணத்துக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கும்.

நான் கடை வைத்திருக்கிறேன். பொருளைச் செய்வது கம்பெனி, கடைக்காரரையும் எதிர்தரப்பாகச் சேர்க்கச் சொல்லி எங்களை ஏன் வழக்கில் இழுக்கிறீர்கள்?

பணம் வாங்கியது நீங்கள், பில் போட்டதும் நீங்கள். விற்பனை ஒப்பந்தம் வாங்குபவருக்கும் உங்களுக்கும் இடையில்தான். 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே, அந்த வகைப் பொருளை விற்பவரிடம் வாங்கினால் அது விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. பழுதான பொருளை பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நேர்மையற்ற வணிகம் என்று 2019 சட்டம் நேராகவே சொல்கிறது.

அப்படியென்றால் கலர் பிடிக்கவில்லை என்று கொண்டுவந்தாலும் எடுக்க வேண்டுமா? எங்களுக்குக் கிடைக்கும் லாபமே சொற்பம்.

மனம் மாறினால் எடுக்க வேண்டாம், நான் சொல்வது பழுதான பொருளைப் பற்றி மட்டும். உங்கள் சிரமம் புரிகிறது, தயாரிப்புக் குறைக்குப் பெரும்பாலும் கம்பெனியைத்தான் பொறுப்பாக்குவார்கள். ஆனால் "சர்வீஸ் சென்டருக்குப் போங்க" என்று வாசலோடு அனுப்பினால், அந்த மனிதர் ஆறு மாதம் அலைகிறார். கம்பெனியோடு பேச உங்களிடம் டீலர் ஆள் இருக்கிறார், பொருளை வாங்கியவருக்கு அப்படி யாரும் இல்லை. நீங்கள் ஒரு போன் செய்தால் முடிகிற காரியம் அது. செய்யாத கடைக்காரரையும் கம்பெனியையும் சேர்த்தே எதிர்தரப்பாகப் போடுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன், அதில் மாற்றமில்லை.

போனில் தண்ணீர் போனது என்று வாரன்டியை மறுக்கிறார்கள், தண்ணீர் படவே இல்லை.

போனைத் திறந்து எடுத்த உள் போர்டின் படத்தோடு எழுத்தில் காரணம் கேளுங்கள். ஜாப் ஷீட்டில் அது வரட்டும்.

பில் இல்லை சார், என்ன செய்வது?

மேலே சொல்லிவிட்டேன், படியுங்கள்.

வாங்கி மூன்று வருடம் ஆகிவிட்டது, இரண்டு வருடக் கெடு தாண்டியதால் வழக்குப் போட முடியாதாமே?

கெடு, வாங்கிய நாளிலிருந்து இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து. நீட்டித்த வாரன்டி இருந்து போன மாதம் மறுத்தார்கள் என்றால் போன மாதத்திலிருந்து எண்ணுங்கள். மறுத்த தேதி எழுத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கார் இன்சூரன்ஸ் கிளெய்ம் மறுத்துவிட்டார்கள்.

என் துறை இல்லை. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போங்கள்.

கடையில் பில் போடும் பிரிண்டர் பழுது. நான் நுகர்வோரா?

உங்கள் பிழைப்புக்காக நீங்களே உழைத்து நடத்தும் சிறு கடை என்றால் ஆம். பெரிய வியாபாரத்துக்கு வாங்கியது என்றால் இந்தச் சட்டம் உதவாது.

சர்வீஸ் முடிந்ததும் சுவிட்ச் போடுவதற்கு முன்பே "திருப்தி" என்று கையெழுத்துக் கேட்கிறார்கள்.

போடாதீர்கள். ஓட்டிப் பார்த்த பிறகு போடுங்கள். அவசரப்படுத்தினால் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே "இயக்கிப் பார்க்கவில்லை" என்று எழுதி, தேதி போட்டு, அந்தத் தாளை அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.