டல்லாஸ் விங்ஸ் ஏன் இப்படித் தோற்றது? வாசகர் கேள்விகள்

(பதில் சொல்பவர்: கடலூர் மஞ்சக்குப்பத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித்தரும் முன்னாள் ஆட்டக்காரர்)

கேள்வி: அமெரிக்காவின் பெண்கள் கூடைப்பந்து லீக்கான WNBAவில் ஆடும் பெய்ஜ் பூக்கர்ஸின் தீவிர ரசிகை நான். அமெரிக்காவில் இரவு நடக்கும் ஆட்டத்தைக் காலையில் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டே மொபைலில் பார்ப்பேன். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2025இல் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர், அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம். ஆனால் அவருடைய டல்லாஸ் விங்ஸ் 44 ஆட்டத்தில் 10தான் ஜெயித்தது. ஒருவர் இவ்வளவு நன்றாக ஆடியும் அணி ஏன் அடியில் கிடந்தது?
– கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை

பதில்: தங்கச்சி, எந்த ஆட்டம் உன் மனசில் இருக்கிறது என்று தெரிகிறது. ஆகஸ்ட் 20, லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்பார்க்ஸுடன் நடந்தது. 21 தடவை எறிந்து 17 போட்டாள் அந்தப் பெண். மொத்தம் 44 புள்ளி. லீக் ஆரம்பித்த 1997இல் சிந்தியா கூப்பர் எடுத்த 44ஐத் தொட்டாள். புதுமுகம் ஒருத்தி அதுவரை அதற்கு மேல் எடுத்ததில்லை. அப்படியும் 81-80. ஸ்பார்க்ஸின் கெல்சி பிளம் கடைசி நொடியில் போட்ட கூடை ஆட்டத்தைப் பறித்துக்கொண்டது.

எல்லாரும் அந்த 80ஐப் பிரித்துப் பார்க்கிறார்கள். பெய்ஜ் 44, மீதிப் பேர் 36, ஆகவே மீதிப் பேர் சரியில்லை என்று முடித்துவிடுகிறார்கள். நீ 81ஐப் பார். புள்ளி எடுப்பது ஓர் ஆளால் முடியும். தடுப்பது ஓர் ஆளால் முடியவே முடியாது. பந்து வைத்திருப்பவள் உன்னைத் தாண்டிவிட்டால், பக்கத்தில் இருப்பவள் தன் ஆளை விட்டுவிட்டு ஓடிவர வேண்டும். அவள் விட்ட ஆளை மூன்றாமவள் பிடிக்க வேண்டும். இதெல்லாம் ஒரு நொடிக்குள் நடக்கிறது. வீராம்பட்டினத்தில் கரைவலை இழுக்கிறவர்களைப் பார்த்திருப்பாய். யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஆனால் எல்லாக் கையும் ஒரே நேரத்தில் இழுக்கும். டிஃபென்ஸ் அப்படி. அதே ஐந்து பேர் மாதக்கணக்கில் சேர்ந்து ஆடினால்தான் வரும்.

டல்லாஸுக்கு அது கிடைக்கவே இல்லை. சீசன் தொடங்கும் முன்பே சாட்டூ சபாலி ஃபீனிக்ஸுக்கும், நடாஷா ஹோவர்ட் இண்டியானாவுக்கும் போய்விட்டார்கள். திரும்பி வந்த டைஷா ஹாரிஸின் சீசன் ஆரம்பத்திலேயே முழங்கால் காயத்தில் முடிந்தது. மே கடைசியில் பெய்ஜே தலையில் அடிபட்டுச் சில ஆட்டம் உட்கார வேண்டியிருந்தது. மேடி சீக்ரிஸ்ட் முழங்காலால் பல வாரம் வெளியே. நலிஸா ஸ்மித்தை ஜூன் கடைசியில் லாஸ் வேகஸுக்கும், டிஜோனாய் காரிங்டனை ஆகஸ்ட் தொடக்கத்தில் மினசோட்டாவுக்கும் அனுப்பினார்கள். பல வருஷமாக அந்த அணியைத் தாங்கிவந்த ஆரிகே ஓகுன்போவாலேயும் கடைசியில் முழங்கால் வலியோடு ஒதுங்கினார். இந்த வாரம் பக்கத்தில் நிற்பவள் அடுத்த மாதம் இருப்பாளா என்று தெரியாமல் எப்படித் தடுப்பது?

போனவர்கள் என்ன ஆனார்கள் என்று பார். ஆகஸ்ட் 2ஆம் தேதி சொந்த ஊரில் மினசோட்டாவிடம் 111-58 என்று நொறுங்கிய லாஸ் வேகஸ், அதற்குப் பிறகு லீக் முடியும்வரை நடந்த 16 ஆட்டத்தையும் ஜெயித்து, இறுதிப் போட்டியில் ஃபீனிக்ஸை 4-0 என்று தோற்கடித்துக் கோப்பை வாங்கியது. அந்த அணியில் நலிஸா ஸ்மித். எதிரணியில் சாட்டூ சபாலி. டல்லாஸில் ஆடிய பெண்கள் மோசமான ஆட்டக்காரர்கள் என்று இனி யாராவது உன்னிடம் சொன்னால் இதைச் சொல்.

இன்னொன்று. அதே 2025இல் கோல்டன் ஸ்டேட் வால்கிரீஸ் என்று புத்தம் புதிய அணி வந்தது. பெரிய நட்சத்திரம் என்று யாரும் இல்லை. 23 வெற்றி, 21 தோல்வி. முதல் வருஷத்திலேயே பிளேஆஃப் (லீக் ஆட்டங்களுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் சுற்று) போன முதல் புது அணி. அவர்களுடைய ஆட்டத்தையும் ஒருநாள் பார். கையில் பந்து இல்லாதவர்களையே கவனி.

கேள்வி: தோற்றதும் கோச்சை நீக்கிவிட்டார்கள். கோச்சை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா?
– ஆசிரியர், வில்லியனூர்

பதில்: ஆகாது சார். அந்த அணியின் கணக்கையே பாருங்கள். 2019, 2020இல் பிரையன் ஆக்லர். 2021, 2022இல் விக்கி ஜான்சன். 2023, 2024இல் லட்ரீஷா டிராமெல். 2025இல் கிறிஸ் கோக்லேன்ஸ், ஒரே வருஷம். அவர் போனதும் ஹோசே ஃபெர்னாண்டஸ். இதில் போன நால்வரில் ஒருவருக்கும் மூன்றாவது வருஷம் கிடைக்கவில்லை. டிராமெலின் முதல் வருஷத்தில் அணி 22 ஆட்டம் ஜெயித்து அரையிறுதி வரை போனது. அடுத்த வருஷம் காயங்கள் வந்தன, 9 வெற்றி, 31 தோல்வி. உடனே வேலை போயிற்று. எனக்கு இதில் கடும் கோபம் உண்டு.

ஆனால் இதே அணியின் பழைய கதை வேறு மாதிரி. டல்லாஸுக்கு வருவதற்கு முன் துல்ஸாவிலும், அதற்கு முன் டெட்ராய்ட்டிலும் ஷாக் என்ற பெயரில் இருந்தது இந்த அணி. 2002இல் முதல் 10 ஆட்டமும் தோல்வி. கோச்சை மாற்றி பில் லைம்பீரைக் கொண்டுவந்தார்கள். அந்த வருஷம் 9 வெற்றி, 23 தோல்வி என்றுதான் முடிந்தது. அவரை வைத்துக்கொண்டார்கள். 2003இல் செரில் ஃபோர்டு புதுமுகமாக வந்தார், மூடப்பட்ட மயாமி அணியிலிருந்து ரூத் ரைலி வந்தார். கடைசியில் கிடந்த அணி மறுவருஷமே சாம்பியன். இறுதி ஆட்டத்துக்கு வந்த கூட்டம் 22,076 பேர், பெண்கள் கூடைப்பந்துக்கு! பிறகு 2006, 2008 என்று இன்னும் இரண்டு கோப்பை. மூன்றுக்கும் லைம்பீர்தான் கோச்.

கேள்வி: டிராஃப்டில் முதல் பிக் (முதலில் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு) கிடைக்க வேண்டும் என்றே அணிகள் தோற்பதாக என் அண்ணன் சொல்கிறான். உண்மையா?
– வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: முதல் பிக் யாருக்கு என்று பிளேஆஃப் போகாத அணிகளுக்குள் குலுக்கல் உண்டு. அதற்கு ஒரு வருஷக் கணக்கை மட்டும் பார்ப்பதில்லை, இரண்டு வருஷத்தைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். டல்லாஸுக்கு 2026இன் முதல் பிக்கும் விழுந்தது. நிர்வாகம் எதிர்காலத்துக்காக ஆட்டக்காரரை மாற்றிக்கொள்வதும் உண்டு. ஆனால் தரையில் ஓடுகிற பெண் வேண்டுமென்றே தோற்கிறாள் என்று உங்கள் அண்ணன் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடுத்த வருஷம் தனக்கு இடம் உண்டா என்பதே தெரியாதவர்கள்தான் அந்த அணிகளில் அதிகம். ஒவ்வொரு ரீபவுண்டும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) அவர்களுக்குப் பிழைப்பு.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. பள்ளி கூடைப்பந்து டீமில் ஆடுகிறாள். இந்த வருஷம் ஆடிய எல்லா மேட்சும் தோல்வி. அழுதுகொண்டே வருகிறாள். வீட்டில் எல்லாரும் "பிளஸ் ஒன் வருது, போதும், நிறுத்து" என்கிறார்கள். நிறுத்தலாமா?
– ஒரு தகப்பனார், நெல்லிக்குப்பம்

பதில்: அண்ணா, முதலில் அவளிடம் கேட்டீர்களா? அழுகிறாள் என்றால் ஆட்டம் அவளுக்கு வேண்டும் என்று அர்த்தம். வேண்டாதவள் அழ மாட்டாள், பையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு டிவி பார்ப்பாள்.

பையன் தோற்றால் "அடுத்த மேட்ச்ல பாத்துக்கலாம்டா" என்கிறோம். பெண் தோற்றால் "போதும்" என்கிறோம். எங்கள் மைதானத்தில் நன்றாக ஆடுகிற பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு காணாமல் போவதை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். சாயங்காலம் இருட்டும் முன் பஸ் பிடிக்க வேண்டும், டியூஷன் நேரம், அரை டிராயர் போட வேண்டுமா என்ற பேச்சு. இத்தனைக்கும் நடுவில் ஒரு தோல்வி சீசனும் வந்தால், நிறுத்துவதற்கு எல்லாருக்கும் ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது.

உங்கள் மகளுக்கு ஷெரில் ஸ்வூப்ஸ் பற்றிச் சொல்லுங்கள். ஒலிம்பிக்கில் மூன்று தங்கம், ஹூஸ்டன் அணியோடு நான்கு கோப்பை. எல்லாம் முடிந்து, 40 வயதில், 2011இல் துல்ஸாவுக்கு ஆட வந்தார். நான் மேலே சொன்ன அதே அணி. அந்த வருஷம் 34 ஆட்டத்தில் 3தான் வெற்றி. நடுவில் தொடர்ந்து 20 தோல்வி. அந்த இருபதை முடித்துவைத்தது யார் தெரியுமா? கடைசி நொடியில் கூடை போட்ட அந்த 40 வயது ஸ்வூப்ஸ்தான். வாங்க வேண்டியதையெல்லாம் வாங்கிவிட்ட பெண், இருபது தோல்விக்குப் பிறகும் அந்தக் கடைசிப் பந்தை எறிந்திருக்கிறாள்.

படிப்பையும் விட வேண்டாம். வாரத்தில் மூன்று மாலை போதும், மார்க் குறையாது. மேட்ச் முடிந்து வீட்டுக்கு வந்ததும் "எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு யாரைப் புடிச்சே? அவ எத்தனை போட்டா?" என்று கேளுங்கள். அதற்கு அவளிடம் நிறைய பதில் இருக்கும்.

கேள்வி: நம் நாட்டுப் பெண் யாராவது அந்த லீக்கில் ஆடியிருக்கிறார்களா?
– பள்ளி மாணவி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: வாசல்வரை போனவர் உண்டு பாப்பா. கேரளத்தில் பிறந்து, சென்னையில் தெற்கு ரயில்வேக்காக ஆடிய கீத்து அன்னா ஜோஸ். 2011இல் அமெரிக்காவில் மூன்று அணிகள் அவரை அழைத்துச் சோதித்துப் பார்த்தன. இடம் கிடைக்கவில்லை. நம் சென்னையின் அனிதா பால்துரை பல வருஷம் இந்திய அணிக்குத் தலைவராக இருந்து, பிள்ளை பெற்ற பிறகும் திரும்பி வந்து ஆடி, 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார். அடுத்த பெயர் யாருடையது என்று நானும் காத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: தோற்ற டீமை வைத்துக்கொண்டு அடுத்த சீசனுக்குள் என்ன செய்வது? மழைக்காலத்தில் எங்கள் சிமென்ட் கோர்ட்டில் ஆடவே முடியாது.
– பி.டி. டீச்சர், பண்ருட்டி

பதில்: ஈரத் தரையில் ஆடவே விடாதீர்கள் டீச்சர். டல்லாஸ் கதையில் எத்தனை முழங்கால் வந்தது பார்த்தீர்களா? மூட்டுக்குள் இருக்கிற தசைநார் கிழிவது பையன்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் பள்ளி வராந்தாவே போதும். குதித்து இறங்கும்போது இரண்டு முழங்காலும் உள்பக்கம் மடங்காமல், இடுப்பைத் தாழ்த்தி இறங்கப் பழக்குங்கள். தினம் 15 நிமிடம். தொடையின் பின்பக்கத் தசைக்கும் பயிற்சி கொடுங்கள். பிள்ளைகளுக்குச் சலிக்கும், விடாதீர்கள்.

அடுத்தது குரல். இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். வகுப்பில், வீட்டில், பஸ்ஸில், எங்கே போனாலும் நம் பெண் பிள்ளைகளிடம் "சத்தம் போடாதே" என்கிறோம். பிறகு கோர்ட்டில் இறக்கிவிட்டு "டிஃபென்ஸ்ல பேசுங்கடி" என்றால் எப்படி வரும்? முதுகுக்குப் பின்னால் ஸ்க்ரீன் (எதிரணிப் பெண் வழியில் நின்று மறிப்பது) வருகிறது என்று கத்த வேண்டிய நேரத்தில் வாய் திறக்காது. அதனால் அந்த வராந்தாவிலேயே பந்து இல்லாமல் ஐந்து பேரை நிறுத்துங்கள். நீங்கள் கையைக் காட்டும் பக்கம் நகரட்டும், நகரும்போது ஒவ்வொருத்தியும் தன் வேலையைக் கத்திச் சொல்லட்டும். "பால்!" "ஹெல்ப்!" "லெஃப்ட் ஸ்க்ரீன்!" தலைமையாசிரியர் வந்து என்ன சத்தம் என்று கேட்டால், என் பெயரைச் சொல்லுங்கள்.

அந்த ஐந்து பேரை மாற்றாதீர்கள். ஒருத்தி இரண்டு மேட்சில் சொதப்பினாள் என்று உட்கார வைக்கத் தோன்றும். பொறுங்கள்.

நோட்டில் யார் எத்தனை போட்டார்கள் என்று மட்டும் எழுதாமல், நம் கூடைக்குள் விழுந்த ஒவ்வொன்றும் எப்படி விழுந்தது என்று எழுதுங்கள். ரீபவுண்ட் விட்டதிலா, திரும்பி ஓடாததிலா, உதவிக்கு வராததிலா? நாலு மேட்ச் எழுதினாலே எதைப் பழக்க வேண்டும் என்று நோட்டே சொல்லும்.

கடைசியாக, பந்து. பல பள்ளிகளில் பையன்களின் ஏழாம் நம்பர் பந்தையே பெண்களுக்கும் கொடுக்கிறார்கள். பெண்களுக்கு ஆறாம் நம்பர்தான். சுற்றளவும் குறைவு, எடையும் குறைவு. பழகியது ஒரு பந்து, போட்டியில் இன்னொரு பந்து என்றால் ஃப்ரீ த்ரோ எப்படி விழும்? இந்த வருஷம் புது ஜெர்ஸிக்கு என்று பள்ளியில் பணம் ஒதுக்கினால், ஜெர்ஸி பழையதே இருக்கட்டும் என்று சொல்லி, ஆறாம் நம்பரில் நல்ல பந்தாக நாலு வாங்கிவிடுங்கள்.